சித்தப்பாவும் 15,000 கூலியாட்களும்

மாதச் சம்பளம் வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. மழை பெய்தாலும் சரி, வெயில் மண்டையைப் பிளந்தாலும் சரி, மானேஜர் 'உர்'ரென்று இருந்தாலும் சரி, மாதக் கடைசியில் பாங்க்கில் பணம் வந்து விழுந்துவிடுகிறது. இந்தக் கொடுப்பினை இல்லாத ஜீவன்கள் எனக்குத் தெரிந்து இரண்டு. ஒன்று, என் மாதிரி பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். இன்னொன்று, விவசாயி. எப்போது வரும், எவ்வளவு வரும், வருமா வராதா என்பதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் கடைசி நிமிஷம் வரை சஸ்பென்ஸ். எனக்காவது பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டு, "சார், அந்தக் கட்டுரைக்கு..." என்று இழுக்கலாம். பள்ளத்தூரில் இருக்கிற என் சித்தப்பா யாருக்குப் போன் போடுவார்? வருண பகவானுக்கா?

பி.காம். படித்ததில் என் மண்டையில் மிச்சம் தங்கியிருக்கிற பாடம் ஒன்றே ஒன்றுதான். ஒரே வரும்படியை நம்பி உட்காராதே. இதற்காக மூன்று வருஷம் ஃபீஸ் கட்டியிருக்க வேண்டாம். எங்கள் சிவகங்கைச் சீமையில் இதை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்கள்.

சிங்கம்புணரிப் பக்கம் பிரான்மலை என்று ஒரு மலை இருக்கிறது. பாரி வள்ளலின் பறம்பு மலை அதுதான் என்பார்கள். சேர, சோழ, பாண்டியர் மூன்று பேரும் சேர்ந்துகொண்டு அந்த மலையை முற்றுகை போட்டபோது, கபிலர் அவர்களிடம் சொன்னதாகப் புறநானூற்றில் ஒரு கணக்கு வருகிறது. 'நீங்கள் எத்தனை நாள் வளைத்துக்கொண்டு நின்றாலும் பிரயோஜனமில்லை. இந்த மலையில் உழாமலே நாலு சரக்கு கிடைக்கிறது' என்று பட்டியல் போடுகிறார். மூங்கில் அரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, நாலாவது தேன். கபிலரைப் புலவர் என்று சொல்வதைவிட ஆடிட்டர் என்று சொல்வதே பொருத்தம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

அந்த நாலாவது ஐட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

* * *

பள்ளத்தூர் தெரியாதவர்களுக்கு: காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம். செட்டிநாட்டு ஊர்களுக்கே உரிய லட்சணங்கள் எல்லாம் உண்டு. ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வருகிற மாதிரி வீடுகள், பூட்டிய கதவுகள், ஊருணி, மழைத் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்த பரம்பரை. அந்தப் பெரிய வீடுகளைத் தாண்டி வெளியே வந்தால் கண்மாயும் கருவேலங்காடும் மானாவாரி நிலமும். சித்தப்பா இந்த இரண்டாவது பள்ளத்தூரைச் சேர்ந்தவர். மூன்று ஏக்கர், ஒரு கிணறு, ஒரு போர். பெரிய மகன் சிங்கப்பூரில், சின்னவன் திருப்பூரில்.

மூன்று ஏக்கரும் கண்மாய்த் தண்ணீரும் இருந்தால் ஒரு காலத்தில் ராஜா. இப்போது வானம் யாருக்கும் கட்டுப்படுவதில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்துபோய், 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்க வேண்டி வந்தது. அடுத்து 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல். தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. புதுக்கோட்டை எல்லையை ஒட்டி இருக்கிற எங்கள் பக்கமும் தப்பவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. வருஷம் பூராவும் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டினால் அதற்கு மழை என்றா பெயர்?

சித்தப்பாவின் நாற்பது தென்னையில் கஜா விட்டு வைத்தது ஒன்பது. தென்னம்பிள்ளை வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரைக்கும்? நிவாரணம் கேட்டு ஓர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். 'விழுந்த மரத்தோடு நீங்கள் நிற்கிற போட்டோ வேண்டும்' என்றார்களாம். மரத்தை அதற்குள் விறகுக்கு வெட்டியாகிவிட்டது. வெட்டிய விறகோடு நின்று போட்டோ எடுத்துக் கொடுத்தார். அது செல்லாது என்று திரும்பி வந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு புரோக்கர் வந்தார். "ஐயா, ரோட்டு மேல நெலம். பிளாட் போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார். சிங்கப்பூர்க்காரனும் திருப்பூர்க்காரனும் ஒருமனதாக ஆமோதித்தார்கள். சின்ன வயசில் மிட்டாய்க்குக்கூட ஒத்துப்போகாத அண்ணன் தம்பிகள்! சித்தப்பா பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லவில்லை என்றால் சம்மதமில்லை என்று அர்த்தம். ஆனால் எத்தனை நாளைக்கு?

* * *

இந்த நேரத்தில்தான் மார்த்தாண்டம் குறுக்கே வந்தது.

சித்தப்பாவின் பள்ளிக்கூட சிநேகிதர் ஒருவர் வாத்தியாராகி, மாற்றலில் மார்த்தாண்டம் போய், அங்கேயே செட்டிலாகிவிட்டார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன சித்தப்பா திரும்பி வரும்போது, மஞ்சப்பையில் முறுக்கோடு சேர்த்து ஒரு யோசனையையும் கொண்டு வந்தார்.

மார்த்தாண்டத்தின் கதை சுவாரஸ்யமானது. 1910-களில் திருச்சி, கொடைக்கானல் பக்கம் இருந்த நியூட்டன் என்ற ஏசு சபைப் பாதிரியார், நம்ம ஊர்த் தேனீயின் சைஸுக்கு ஏற்ற மாதிரி ஒரு மரப்பெட்டியை வடிவமைத்தார். இன்றைக்கும் அதற்கு நியூட்டன் பெட்டி என்றுதான் பெயர். (ஆப்பிள் நியூட்டன் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் மார்த்தாண்டத்தில் ஒரு கிராம முன்னேற்ற மையம் ஆரம்பித்தார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். துண்டு துக்காணி நிலம் வைத்திருந்த ஏழைக் குடியானவர்களுக்குக் கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு என்று உபதொழில் சொல்லிக் கொடுத்தார். நிலம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெட்டி வைக்க நாலடி இடம் போதும், மேய்ச்சல் ஊரார் தோட்டத்தில்! அது அப்படியே பற்றிக்கொண்டு, கன்னியாகுமரி மாவட்டம் முழுக்கப் பரவி, 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு வரைக்கும் வந்திருக்கிறது.

நடுவில் ஒரு பெரிய அடி. 1991, 92-ல் தாய்லாந்து பெயர் கொண்ட ஒரு வைரஸ் தென்னிந்தியா முழுக்கப் பரவியது. தேனீப் புழுக்கள் தண்ணீர்ப் பை மாதிரி ஊதிச் செத்துப்போகும். பத்துக் கூட்டத்தில் ஒன்பது காலி என்கிற நிலைமை. பெட்டிகளைக் கோழிக்கூடாக மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கி, மறுபடி எழுந்து வந்தார்கள்.

"அம்புட்டும் போயி மறுபடி வந்துருக்காகப்பா. எனக்கு முப்பத்தொரு மரந்தானே போச்சு?" என்றார் சித்தப்பா.

குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே போய் விசாரித்தார். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தேனீப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனார். 65 வயசில் பையில் நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பியவரைப் பார்த்து சித்தி, "காலேசுக்குப் போறாக" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரித்த சித்திதான் இப்போது பெட்டிகளுக்கு மேனேஜிங் டைரக்டர்.

* * *

முதல் தடவை நான் போனபோது சித்தப்பா என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏப்பா, இங்கிட்டு வா. சென்ட்டு கிண்ட்டு போட்டுருக்கியா?"

"இல்ல சித்தப்பா."

"அப்ப ஒண்ணும் செய்யாது. கைய மட்டும் வீசாத."

கொட்டாங்கச்சியும் தென்னை நாரும் போட்டுப் புகை மூட்டி, மூடியைத் திறந்தார். 'ஹம்ம்ம்...' என்று ஒரு சத்தம். பரீட்சை ஹாலில் கேள்வித்தாள் கொடுத்த அடுத்த நிமிஷம் எழுமே, அந்த மாதிரி. கீழே புழு அறை, மேலே தேன் அறை. சட்டத்தைத் தூக்கிக் காட்டினார். ஒரு பெட்டியில் பத்தாயிரம், பதினைந்தாயிரம் தேனீ. கிட்டத்தட்ட எல்லாமே பெண்கள். ஒரு ராணி, மீதி வேலைக்காரிகள், கொஞ்சம் ஆண்கள். ஆண்களுக்கு வேலை கிடையாது, கொடுக்கு கிடையாது, சாப்பாடு மட்டும் உண்டு. பூ இல்லாத பஞ்ச காலம் வந்தால் முதலில் இவர்களைத்தான் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறார்கள். ஆட்குறைப்பு என்பது நம் கம்பெனிகள் கண்டுபிடித்தது இல்லை சார்.

வேலைக்காரத் தேனீயின் ஆயுசு வேலைக் காலத்தில் ஆறு வாரம்தான். அந்த ஆயுசு முழுக்க உழைத்து ஒரு தேனீ சேர்க்கிற தேன், ஒரு டீஸ்பூனில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இதைக் கேட்டதிலிருந்து நான் கிண்ணத்தில் ஒட்டியிருக்கிற தேனைக்கூட வழித்துச் சாப்பிடுகிறேன்.

என்னை அசர வைத்தது இன்னொன்று. சித்திரை மாதம். வெளியே நாற்பது டிகிரி. பெட்டி வாசலில் ஒரு வரிசை தேனீக்கள் நின்ற இடத்திலேயே இறக்கையை அடித்துக்கொண்டிருந்தன.

"என்ன சித்தப்பா பண்ணுது?"

"ஃபேன் போடுதுக."

நிஜமாகவே ஃபேன்தான். உள்ளே புழு வளர்கிற இடத்தில் சூடு 34, 35 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒரு கோஷ்டி போய்த் தண்ணீர் கொண்டு வந்து உள்ளே தெளிக்கிறது. இன்னொரு கோஷ்டி விசிறுகிறது. ஏர்கூலர்! கரண்ட் பில் கிடையாதே தவிர, செலவு உண்டு. தண்ணீர் சுமக்கிற தேனீ தேன் கொண்டு வராது. வெயில் கூடக் கூடக் கூட்டத்தின் உழைப்பெல்லாம் வீட்டைக் குளிர வைப்பதற்கே போய்விடும். அதனால் சித்தப்பா பெட்டிகளைப் புங்க மர நிழலுக்கு மாற்றி, பக்கத்தில் மண்சட்டியில் தண்ணீர் வைத்து, தேனீ முழுகாமல் உட்கார்ந்து குடிக்க அதில் கூழாங்கல் போட்டு வைத்திருக்கிறார்.

* * *

இப்போது கணக்குக்கு வருவோம். காமர்ஸ் படித்தவன் கணக்குப் பார்க்காமல் நகர மாட்டான்.

முதல் வருஷம் ஐந்து பெட்டி. கூட்டத்தோடு சேர்த்து ஒன்று 2,500 ரூபாய். புகை டப்பா, முகமூடி, தேன் எடுக்கிற டிரம்மில் பங்கு என்று 1,500. ஆக, பற்று 14,000. கோடையில் இரண்டு கூட்டம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனது. மீதி மூன்று பெட்டியில் 14 கிலோ தேன். கிலோ 500 ரூபாய்க்கு விற்றது. வரவு 7,000. ஆக மொத்தம் 7,000 ரூபாய் கைப்பிடித்தம். சிங்கப்பூரிலிருந்து பெரியவன் போன் போட்டு, "இதுக்கு ஏம்ப்பா இம்புட்டுப் பாடு?" என்றான்.

தேனை மட்டும் பார்த்தால் அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம்ம ஊர்த் தேனீ ஒரு பெட்டிக்கு வருஷத்தில் ஐந்திலிருந்து பத்துக் கிலோ கொடுத்தாலே நல்லது என்பார்கள். அதை வைத்துக்கொண்டு மாடி வீடு கட்ட முடியாது. 'மாதம் லட்சம் சம்பாதிக்கலாம்' என்று யாராவது விளம்பரம் போட்டால், அவர் சம்பாதிக்கப் போவது உங்களிடமிருந்துதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் காஸ்ட் அக்கவுண்டன்சியில் துணைப் பொருள் என்று ஒன்று சொல்வார்கள். எண்ணெய் ஆட்டினால் புண்ணாக்கு மாதிரி. தேனீ விஷயத்தில் தேன்தான் புண்ணாக்கு. எண்ணெய் வேறு இடத்தில் இருக்கிறது.

சித்தப்பா முப்பது சென்ட்டில் பாகல் போட்டிருந்தார். பாகல், வெள்ளரி, பூசணி எல்லாவற்றிலும் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஒன்றிலிருந்து மகரந்தத்தைக் கொண்டு போய் இன்னொன்றில் சேர்க்க யாராவது வேண்டும். காலையில் பூ விரிகிற நேரத்தில் தேனீ வந்தால் காய். வராவிட்டால் பிஞ்சு பழுத்து உதிரும், அல்லது கோணல் மாணலாகக் காய்க்கும். பெட்டி வைத்த வருஷம் பாகல் எல்லாம் மார்க்கெட்டில் முதல் தரத்தில் போனது. "அந்தக் கோணக்காயெல்லாம் இந்த வருசம் காணாமே!" என்று சித்திதான் முதலில் கவனித்தார். சித்தப்பா நோட்டில் தேன் வரவு எழுதிய பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் பாகல் வரவை எழுதி, இரண்டுக்கும் சேர்த்து ஓர் அடைப்புக்குறி போட்டார். அவர் காமர்ஸ் படிக்கவில்லை.

உலகத்தில் முக்கியமான உணவுப் பயிர் வகைகளில் முக்கால்வாசிக்கு மேல், ஓரளவுக்காவது தேனீ போன்ற ஜீவராசிகளை நம்பி இருப்பதாக 2016-ல் சர்வதேச விஞ்ஞானிகள் குழு ஒன்று அறிக்கை கொடுத்தது. நெல்லுக்குத் தேனீ தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோறு கிடைக்கும், காய், பழம், எண்ணெய் வித்து என்று தட்டில் மற்றதெல்லாம் குறைந்துபோகும். அமெரிக்காவில் கலிபோர்னியா பாதாம் தோட்டங்களுக்கு ஒவ்வொரு பிப்ரவரியும் ஏறக்குறைய 20 லட்சம் பெட்டிகள் லாரியில் வாடகைக்குப் போகின்றன. ஒரு பெட்டிக்கு வாடகை சுமார் 200 டாலர். அங்கே தேன் விற்பதைவிட வாடகையில்தான் காசு. சீனாவில் சிச்சுவான் மாகாணத்துப் பேரிக்காய்த் தோட்டங்களில் மனுஷன் மரத்தில் ஏறி, குச்சியில் இறகு கட்டி, பூப்பூவாக மகரந்தம் தடவுகிறான். தேனீ சும்மா செய்கிற வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் போட்டால் எவ்வளவு ஆகும் என்பதை அவனைக் கேட்டால் தெரியும்.

* * *

'ஆஹா, பருவமழை பொய்த்தாலும் தேனீ காப்பாற்றும்' என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். தேனீயே பருவத்தை நம்பி இருக்கிற ஜீவன். மழை இல்லையென்றால் பூ இல்லை. பூத்த நேரத்தில் பேய்மழை அடித்தால் பூவில் இருக்கிற தேன் கழுவிக்கொண்டு போய்விடும். தேனீ வெளியே கிளம்பவும் முடியாது. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் மரம் தளிர் விடுகிற தை, மாசி மாதங்கள்தான் முக்கியமான சீசன். ரப்பரில் பூவைவிட இளந்தளிரின் காம்பில்தான் தேன் சுரக்கும். அந்த நேரத்தில் மழை வந்தால் அந்த வருஷக் கணக்கு குளோஸ். முதல் கோடையில் சித்தப்பாவின் இரண்டு கூட்டம் ஓடியதும் இதனால்தான். சோறு இல்லாத வீட்டில் யார் இருப்பார்கள்?

அப்படியானால் தேனீ எப்படித்தான் உதவுகிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

கூட்டம் ஓடிய பிறகு சித்தப்பா ஒரு காரியம் செய்தார். காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டு, எந்த மாதம் தன் நிலத்தைச் சுற்றி என்ன பூக்கிறது என்று எழுதினார். பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கையும். அதையடுத்துப் புளி. தென்னை இருந்தால் மாதம் ஒரு பாளை. அது கஜாவோடு போச்சு. நடுநடுவே காலி. அந்தக் காலி இடங்களை நிரப்ப ஆரம்பித்தார். வரப்பில் முருங்கை. கிடைக்கிற ஈரத்தில் ஒரு துண்டு எள், ஒரு துண்டு சூரியகாந்தி. புதுத் தென்னம்பிள்ளைகளுக்கு நடுவே காய்கறி. வேலியில் இருந்த சீமைக்கருவேலத்தைப் பார்த்துச் சிரித்தார். கோர்ட் வரைக்கும் போய் வெட்டச் சொன்ன அந்த மரத்தின் பூ தேனீக்குக் கல்யாணச் சாப்பாடு. எல்லாம் பட்டுப்போன கோடையிலும் அது பூத்து நிற்கும். "வெட்டத்தான் வேணும். ஆனா வேற மரம் வளந்தப்புறம் வெட்டுவோம்" என்று தள்ளிப்போட்டார்.

இப்போது அவர் நிலத்தைப் பாருங்கள். நெல்லை மட்டும் நம்பி வானத்தைப் பார்த்த மூன்று ஏக்கரில் ஏழெட்டு வகை இருக்கிறது. ஒன்று போனால் ஒன்று நிற்கும். வேம்பும் புங்கையும் வேரை ஆழத்தில் விட்டிருக்கிற மரங்கள். ஒரு மழை தப்பினால் உடனே வாடிவிடாது. தேனீக்குச் சோறு போடுகிறேன் என்று ஆரம்பித்து, தன் நிலத்துக்கே இன்ஷ்யூரன்ஸ் எடுத்துவிட்டார் மனுஷன். பெட்டி கொடுத்த தேனைவிட, பெட்டி அவரைச் செய்ய வைத்த வேலைகள்தான் பெரிய லாபம் என்று எனக்குத் தோன்றுகிறது.

* * *

ஒரு நாள் காலையில் சித்தி போன் போட்டார். "பெட்டி வாசல்ல கொத்துக் கொத்தாச் செத்துக் கெடக்குதுக தம்பி..." குரல் கம்மியிருந்தது.

தேனீ ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குப் போய் வரும். பட்டா, சிட்டா பார்க்காது. பக்கத்து வயல்காரர் கத்திரிக்குக் காலை ஏழு மணிக்கு மருந்து அடித்திருக்கிறார். அவர் பேரிலும் தப்பில்லை. கடையில் கொடுத்ததை வாங்கி, ஆள் கிடைத்த நேரத்தில் அடித்தார். (தேனீக்கு ஆகாத மூன்று பூச்சிமருந்துகளைத் திறந்தவெளியில் அடிக்கக் கூடாது என்று ஐரோப்பிய யூனியன் 2018-ல் தடை போட்டது. அதில் ஒன்றான இமிடாகுளோபிரிட் நம்ம ஊர்க் கடைகளில் தாராளமாகப் புழங்குகிற சரக்கு.)

வாய்க்கால் தகராறுக்கே வெட்டுக்குத்து வரை போகிற சீமை இது. நான் பயந்துகொண்டுதான் கிளம்பிப் போனேன். சித்தப்பா ஒரு பாட்டில் தேனை எடுத்துக்கொண்டு பக்கத்து வயலுக்குப் போனார்.

"மாப்ள, இது ஒன் தோட்டத்துப் பூவுல எடுத்ததுதான். பிள்ளைகளுக்குக் குடு. மருந்து அடிக்க வேணாங்கல. சாயங்காலம் இதுக கூடு அடைஞ்சப்புறம் அடிய்யா. அடிக்கிறதுக்கு மொத நாளு ஒரு வார்த்தை சொன்னா வாசலை அடைச்சு வச்சுக்குவேன்."

அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம கத்திரிப் பூவுலயா மாமா?" என்றார். கத்திரிப் பூவில் அவ்வளவு தேன் கிடையாது. அவருடைய வெள்ளரியில் உண்டு. சித்தப்பா அதை விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. அன்றிலிருந்து அங்கே மருந்து சாயங்காலம்தான். அந்த வருஷம் அவர் வெள்ளரியும் நன்றாகக் காய்த்தது. இப்போது அவரும் இரண்டு பெட்டி கேட்டிருக்கிறார்.

இந்தத் தொழிலில் தனியாக யாரும் ஜெயிக்க முடியாது. உங்கள் தேனீ ஊருக்கெல்லாம் இலவசமாக வேலை செய்யும். ஊரார் அடிக்கிற விஷம் உங்கள் பெட்டிக்கு இலவசமாக வந்து சேரும். எந்த பாலன்ஸ் ஷீட்டிலும் இதை எழுத இடமில்லை. மத்திய அரசு 2020-ல் தேசிய தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்லது. பெட்டியை மானியத்தில் கொடுக்கலாம். பக்கத்து வயல்காரரிடம் ஒரு பாட்டில் தேனோடு போய் நிற்க வேண்டிய வேலையை மானியத்தில் கொடுக்க முடியாது.

இன்னொரு எதிரி நம்ம கடைத்தெருவில் இருக்கிறான். 2020 டிசம்பரில் டெல்லியில் இருக்கிற அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேனைச் சோதனைக்கு அனுப்பியது. எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றுதான். மற்றவற்றில் சர்க்கரைப் பாகு சமாச்சாரம். பாகோடு விலையில் போட்டி போட எந்தத் தேனீயாலும் முடியாது. எறும்பு வராது, நாய் நக்காது, தண்ணீரில் கரையாது என்று வீட்டில் செய்கிற வித்தையெல்லாம் இந்தக் கலப்படத்திடம் பலிக்காது. பெட்டி வைத்திருக்கிறவரைத் தெரிந்துகொண்டு அவரிடம் நேரில் வாங்குவது ஒன்றுதான் வழி. கிலோவுக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்தால் குடி முழுகிவிடாது.

* * *

இரண்டாவது வருஷம் சித்தப்பா கூட்டத்தைப் பிரித்து ஆறு பெட்டி ஆக்கினார். பஞ்ச மாதங்களில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தார். ஸ்டாண்டு கால்களைத் தண்ணீர்க் கிண்ணியில் நிறுத்தி எறும்பைத் தடுத்தார். அந்த வருஷம் ஒரு கூட்டமும் ஓடவில்லை. 31 கிலோ தேன், 15,500 ரூபாய். பாகல், முருங்கை, எள் தனி. திருப்பூர்க்காரன் லீவில் வந்தபோது, பிள்ளைகள் பெட்டியை விட்டு நகரவில்லை. புரோக்கர் மறுபடி வந்தார். சித்தப்பா அவருக்கும் ஒரு ஸ்பூன் தேன் கொடுத்து அனுப்பினார். நிலத்தைப் பற்றிப் பதில் சொல்லவில்லை.

நிலம் தப்பித்துவிட்டதா என்று கேட்டால், இந்த வருஷத்துக்குத் தப்பித்திருக்கிறது. அடுத்த வருஷம் மழை எப்படி, பையன்கள் மனசு எப்படி, அவர் முழங்கால் எப்படி என்று யாருக்குத் தெரியும்? ஆறு பெட்டி தேனீ புயலை நிறுத்தாது. புயலுக்கும் அடுத்த அறுவடைக்கும் நடுவே மனுஷன் மூச்சு விட்டுக்கொள்ள ஒரு வழி கொடுக்கும். விவசாயிகள் நிலத்தை விற்பது பெரும்பாலும் அந்த நடுவில்தான்.

இதைப் படிக்கிற ஆபீஸ் நண்பர்களில் பாதிப் பேருக்கு ஊரில் ஒரு ஏக்கரோ, அரை ஏக்கரோ இருக்கும். அப்பாவோ சித்தப்பாவோ பார்த்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது, "நம்ம பக்கம் சென்ட் என்ன வெல போகுது?" என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும்; நானும் அந்த ஜாதிதான். இந்த ஞாயிறு ஒரு தடவை மட்டும், "இப்ப அங்க என்ன பூத்திருக்கு?" என்று கேட்டுப் பாருங்களேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள்.